காலாவதி டொமைனா, புதுப் பெயரா, பக்கத்து நிறுவனத்தின் பெயரா?

திருப்பூர், கரூர், ஈரோடு வட்டாரத்தில் சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வந்திருக்கும்: "பன்னிரண்டு ஆண்டுப் பழைய டொமைன். டிஆர் 40. நூற்றுக்கணக்கான பேக்லிங்க். வாங்கி உங்கள் தளத்தோடு இணைத்துவிட்டால் கூகுளில் முதல் பக்கம்." டொமைன் என்பது இணையதளத்தின் முகவரிப் பெயர். பேக்லிங்க் என்பது வேறு தளங்களிலிருந்து அதற்கு வரும் இணைப்பு. டிஆர் அந்த இணைப்புகளை வைத்துப் போடும் ஒரு மதிப்பெண். விலை சில ஆயிரத்தில் தொடங்கும், லட்சத்தைத் தாண்டிக் கேட்பவர்களும் உண்டு. யாரும் எடுக்காத ஒரு புதுப் பெயரை ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் பதிந்துவிடலாம். இடையில் இருக்கும் இந்தப் பெரிய தொகைக்கு என்ன கிடைக்கிறது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏலத்தில் கிடைக்கும் முகம் தெரியாத பழைய பெயர், பொருள் செய்து விற்கும் ஒரு தொழிலுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. பழைய பெயரால் உண்மையான பயன் வேண்டுமென்றால் அது காலாவதியாவதற்கு முன்பே, உரிமையாளரிடம் நேரில் பேசி வாங்க வேண்டும். கொங்கு வட்டாரத்தில் அந்த வழி மற்ற ஊர்களைவிட எளிது. ஏன் என்று பிறகு வருகிறேன்.

பழைய பெயருக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். 1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் எழுதிய பேஜ்ரேங்க் முறையின் அடிப்படை எளிமையானது: ஒரு பக்கத்தை வேறு எந்தெந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன, அப்படிச் சுட்டுகிற பக்கங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை வைத்து அந்தப் பக்கத்தின் மதிப்பைக் கணக்கிடுவது. இன்று கூகுள் பார்க்கும் குறிப்புகள் எத்தனையோ. இணைப்புகள் இன்னும் அவற்றில் ஒன்று. கரூரில் திரைச்சீலையும் சமையலறைத் துண்டும் செய்து ஏற்றுமதி செய்த ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஃபிராங்க்ஃபர்ட்டின் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சி பற்றி எழுதிய ஒரு வணிக இதழ், ஓர் ஐரோப்பிய வாங்குநரின் தளம், இங்கே ஒரு தொழிற்சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் ஆகியவை அந்த நிறுவனத்தின் தளத்தைச் சுட்டியிருக்கும். நிறுவனம் மூடி, டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டாலும் அந்தச் சுட்டிகள் அந்தந்தப் பக்கங்களில் அப்படியே இருக்கும். அந்தப் பெயரை வேறொருவர் வாங்கினால் எல்லாச் சுட்டிகளும் அவரைக் காட்டும். காலாவதி டொமைன் வியாபாரம் முழுவதும் இந்த ஓட்டையில்தான் நடக்கிறது.

இந்த ஓட்டை கூகுளுக்குத் தெரியாததல்ல. 2003 டிசம்பரில் அந்த நிறுவனம் பதிந்த ஒரு காப்புரிமை விண்ணப்பமே இதைப் பற்றிப் பேசுகிறது: ஓர் ஆவணத்தின் பொருள் திடீரென்று பெரிதாக மாறினால் அது கைமாறியிருக்கலாம், பழைய மதிப்பெண்ணையும் இணைப்புச் சொற்களையும் இனி நம்ப வேண்டியதில்லை என்ற கருத்து அதில் இருக்கிறது. காப்புரிமையில் எழுதியது எல்லாம் நடைமுறைக்கு வந்துவிடாது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கண்ணில் பட்ட தந்திரத்தை இன்று புதுக் கண்டுபிடிப்பு போல விற்கிறார்கள் என்பதையாவது கவனிக்கலாம்.

2024 மார்ச் 5 அன்று கூகுள் அதை எழுத்திலேயே கொண்டுவந்தது. எரிதக் (ஸ்பேம்) கொள்கையில் "காலாவதியான டொமைன் முறைகேடு" என்ற தலைப்பு அன்று சேர்ந்தது. தேடல் வரிசையை ஏய்ப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு பழைய பெயரை வாங்கி, வாசகருக்குச் சிறிதும் பயனில்லாத உள்ளடக்கத்தை ஏற்றுவதே குற்றம். அதற்கு அவர்கள் தந்த எடுத்துக்காட்டுகள்: முன்பு அரசு அலுவலகம் ஒன்றின் தளமாக இருந்த முகவரியில் பிறர் பொருளைப் பரிந்துரைத்துக் கமிஷன் பெறும் பக்கங்கள், மருத்துவ அறக்கட்டளை இருந்த முகவரியில் மருந்து விற்பனை, தொடக்கப் பள்ளியின் முகவரியில் சூதாட்டம். அதே கொள்கையில் விற்பவர்கள் சொல்லாத, எதிர்ப்பவர்களும் கவனிக்காத ஒரு வரி உண்டு. மக்களுக்குப் பயன்படும் புதிய, சொந்தத் தளத்துக்காகப் பழைய பெயரைப் பயன்படுத்துவதில் தவறில்லை என்கிறது அது. ஆக, பெயரின் வயது குற்றமல்ல. அதை எதற்காக வாங்குகிறோம், அங்கே என்ன வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஏலத்துக்கு வரும் பாதை

காலாவதியான .காம் பெயர் அன்றே சந்தைக்கு வந்துவிடாது. டொமைன்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதிப்படி, பெயரைப் பதிந்து தரும் பதிவாளர் நிறுவனம் காலம் முடிவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், முடிந்தபின் ஐந்து நாட்களுக்குள்ளும் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு 45 நாட்கள் வரை நீளக்கூடிய சலுகைக் காலம்; வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்கப் பெரும்பாலும் வாய்ப்புண்டு. பெயர் நீக்கப்பட்டால் 30 நாட்கள் மீட்புக் காலம். அப்போது மீட்க அபராதம்போலச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதன்பின் ஐந்து நாட்கள் யாரும் தொட முடியாத நிலை. அதையும் கடந்தால்தான் பெயர் விடுபட்டு, யார் வேண்டுமானாலும் பதியலாம் என்றாகிறது.

நல்ல பெயர்கள் கடைசிப் படிவரை வருவதே அரிது. சலுகைக் காலத்திலேயே பதிவாளர் நிறுவனங்கள் அவற்றை ஏலம் விட்டுவிடுகின்றன. தப்பி விடுபடும் பெயர்களையும், அந்த நொடியிலேயே பிடிக்கக் காத்திருக்கும் ட்ராப்கேட்ச், ஸ்னாப்நேம்ஸ் போன்ற நிறுவனங்கள் எடுத்துவிடும். ஏலத்தில் வென்றாலும் பெயர் உடனே உங்களுடையது ஆகிவிடாது. குறித்த நாளுக்குள் பழைய உரிமையாளர் புதுப்பித்துக்கொண்டால் உங்களுக்குப் பணம்தான் திரும்ப வரும். ஆகவே ஈரோட்டிலிருந்து ஒருவர் கைப்பேசியில் பார்த்து மலிவாகப் பிடித்துவிடலாம் என்று கிளம்பினால், மிஞ்சுவது மற்றவர்கள் பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கியது. இந்தத் தொழிலையே நாள்முழுதும் செய்கிறவர்கள் ஒதுக்கியதற்குக் காரணம் இருக்கும்.

வாங்கிய பெயரை வைத்து மூன்று விதமாகச் செய்கிறார்கள்.

அதே பெயரில் தளத்தை மறுபடி எழுப்புவது முதல் வழி. பழைய தளமும் புதுத் தளமும் ஒரே துறையைச் சேர்ந்தவையாக இருந்தால் இது ஓரளவு நியாயமானது. முன்பு தென்னை நார்ப் பொருட்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த பெயரில் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் தென்னை நார் வியாபாரத் தளம் நடத்தினால், பழைய சுட்டியைத் தட்டி வருகிறவர் ஏமாந்து போக மாட்டார். சுட்டிகளில் எவை எந்தப் பக்கத்துக்கு வந்தன என்று பார்த்து, அந்தப் பக்க முகவரிகளிலேயே அதே பொருளைப் பற்றிப் புதிதாக எழுதி வைக்க வேண்டும். பழைய கட்டுரைகளை ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்து அப்படியே ஒட்டுவது பதிப்புரிமை மீறல். டொமைனை வாங்கியதால் எழுத்தின் உரிமை வந்துவிடாது. இதைச் செய்து கொடுக்கிறேன் என்று சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள், ஆதலால் சொல்கிறேன்.

இரண்டாவது, பழைய பெயரை உங்கள் இப்போதைய தளத்துக்கு 301 என்ற நிரந்தரத் திசைதிருப்பலால் இணைப்பது. வாட்ஸ்அப்பில் வரும் செய்தி பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறது. திசைதிருப்பலால் இணைப்பின் மதிப்பு குறைவதில்லை என்று கூகுள்காரர்கள் 2016இலேயே சொல்லியிருக்கிறார்கள். விற்பவர்கள் அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். மற்றப் பாதி: தொடர்பில்லாத பக்கங்களையெல்லாம் மொத்தமாக முகப்புப் பக்கத்துக்குத் திருப்பினால் கூகுள் அவற்றை "பக்கம் இல்லை" என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். அமெரிக்காவில் யாரோ நடத்திய நாய் வளர்ப்புத் தளத்தைக் கோயம்புத்தூர் பம்ப்செட் கடைக்குத் திருப்பினால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. வேலை செய்யாமல் போனால் பணம் நட்டம், அவ்வளவுதான். பழைய பெயரின் அழுக்கு உங்கள் நல்ல தளத்தின்மேல் ஒட்டிக்கொண்டால் அது வேறு வகை நட்டம்.

மூன்றாவது, இப்படிப் பல பெயர்களை வாங்கி வலைப்பின்னல் அமைத்து எல்லாவற்றிலிருந்தும் உங்கள் தளத்துக்கு இணைப்புக் கொடுப்பது. 2014 செப்டம்பரில் இத்தகைய பின்னல்களைக் கூகுள் கூட்டமாகத் தேடலிலிருந்து தூக்கியது. ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம், ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் இடத்துக்கான வாடகை), எழுத்து வேலை எல்லாம் சேர்த்தால் அந்தச் செலவில் ஒரு நல்ல விற்பனை ஊழியரை வைத்துக்கொள்ளலாம். ஒரு தொழில்முனைவோர் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வில்லங்கம் பார்ப்பது எப்படி

நிலம் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. டொமைனுக்கு அப்படி ஒரே சான்று கிடையாது. நாமே நாலு இடத்தில் தோண்ட வேண்டும்.

முதலில் இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷின். 1996 முதல் சேமித்த பக்கங்கள் அங்கே இருக்கின்றன. பெயரைப் போட்டு ஆண்டு ஆண்டாகப் பாருங்கள். 2015இல் ஆடை நிறுவனம், 2019இல் வெறும் விளம்பரப் பக்கம், 2021இல் ஜப்பானிய மொழியில் கைப்பை விற்பனை என்று இருந்தால் அந்தப் பெயர் ஏற்கெனவே ஒருமுறை பிழியப்பட்டுவிட்டது. தளத்துக்கு வரும் இணைப்புகளின் சொற்களையும் பாருங்கள். தறியும் துணியும் பேசிய நிறுவனத்துக்குச் சூதாட்டச் சொற்களில் இணைப்புகள் குவிந்திருந்தால் ஒதுங்கிவிடலாம். அண்மைவரை இயங்கிய தளம் என்று சொல்லப்படும் பெயரில் கூகுளில் ஒரு பக்கம்கூடத் தட்டுப்படவில்லை என்றால் அதுவும் கெட்ட அறிகுறி.

விற்பவர் காட்டும் டிஆர் எண்ணை அதிகம் நம்ப வேண்டாம். அது ஏரெஃப்ஸ் என்ற தனியார் நிறுவனத்தின் கணக்கு. டிஏ என்பது மோஸ் நிறுவனத்தின் கணக்கு. இரண்டும் கூகுளுடையவை அல்ல. மலிவான இணைப்புகளையும் திசைதிருப்பல்களையும் குவித்து இந்த எண்களை ஏற்றிக்காட்ட முடியும். டொமைனின் வயதும் அப்படித்தான். வயது மட்டும் தேடல் வரிசைக்கு உதவாது என்று கூகுளின் ஜான் முல்லர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

எவ்வளவு தோண்டினாலும் ஒன்று மட்டும் முன்கூட்டித் தெரியாது. கூகுள் கைப்பட விதித்த தண்டனை ஏதேனும் இருந்தால் அது சர்ச் கன்சோல் என்ற கூகுளின் கருவியில் தள உரிமையாளர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். வாங்கிய பிறகுதான் நீங்கள் உள்ளே போய்ப் பார்க்க முடியும். தண்டனையை நீக்கக் கோரி விண்ணப்பிக்கலாம். ஆனால் அறிவிப்பே இல்லாமல் மென்பொருள் தானாக மதிப்பைக் குறைத்திருந்தால் எங்கே போய் விண்ணப்பிப்பது?

சட்டப் பக்கமும் இருக்கிறது. டொமைன் பெயருக்கும் வணிகப் பெயரைப் போலப் பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே – சிஃபிநெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. .இன் பெயர்களுக்கு, அவற்றை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பின் நடுவர் முறை இருக்கிறது; .காம் பெயர்களுக்கு உலக அறிவுசார் சொத்து அமைப்பு போன்றவற்றிடம் போகலாம். காலாவதியான பெயர் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு பிராண்டின் பெயராக இருந்தால், ஏலத்தில் கொடுத்த பணமும் போய் வழக்கும் மிஞ்சும்.

புதுப் பெயர்

இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் இதில் மறைவு எதுவுமில்லை. பெயர் சுத்தமானது, செலவு குறைவு, ஆனால் முதல் சில மாதங்கள் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது மற்றது. ஈரோட்டு மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. விரலிக்கும் கிழங்குக்கும் என்ன வேறுபாடு, வேக வைத்துக் காய வைப்பது எப்படி, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் எப்படி நடக்கிறது என்று தோட்டத்தையும் மண்டியையும் அறிந்த ஒருவர் படத்துடன் எழுதினால், வெளிநாட்டில் அதைத் தேடுகிற கொள்முதல் அலுவலருக்கு அதுபோன்ற பக்கம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. பவானி ஜமக்காளம், சென்னிமலைப் போர்வை, கோவை வெட் கிரைண்டர் என்று எதை எடுத்தாலும் இப்படித்தான். நம் தொழில்களைப் பற்றி நம்பகமான எழுத்து இணையத்தில் மிகக் குறைவு. போட்டியே இல்லாத இடத்தில் பழைய பெயரின் தள்ளுதல் எதற்கு?

உள்ளூர் வாடிக்கையாளரை நம்பும் கடையென்றால் கூகுள் மேப்பில் தொழில் விவரத்தைப் பதிவதே பெரிய பயன் தரும், அது இலவசம். திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம், கொடிசியா போன்ற அமைப்புகளில் ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் தம் இணைய முகவரி அந்தப் பட்டியல்களில் சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம். உங்கள் துணியை வாங்கும் நிறுவனத்திடம் அவர்கள் தளத்தில் உங்கள் பெயரைச் சுட்டச் சொல்லிக் கேட்கலாம். இவையெல்லாம் யாரும் பிடுங்க முடியாத இணைப்புகள்.

பக்கத்து நிறுவனத்தின் பெயர்

இனி நான் முதலில் சொன்ன வழி. நம் ஊர்களில் ஒரே தொழில் ஒரே வட்டாரத்தில் குவிந்திருக்கிறது. பனியன் என்றால் திருப்பூர், வீட்டுத் துணி என்றால் கரூர், பம்ப் என்றால் கோவை, ரிக் வண்டி என்றால் திருச்செங்கோடு. அதே அடர்த்தியில் நிறுவனங்கள் மூடவும் செய்கின்றன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். நூல் விலை ஏறி நிறுத்தியவர்கள், பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டதால் நிறுத்தியவர்கள், அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்ததில் நின்றுபோனவை என்று காரணங்கள் பல. பாகப் பத்திரத்தில் தறி யாருக்கு, ஷெட் யாருக்கு, லாரி யாருக்கு என்று எழுதுகிறார்கள். டொமைன் யாருக்கு என்று எழுதியதை நான் பார்த்ததில்லை. இரண்டு ஆண்டுகளில் அது தானாகக் காலாவதியாகி, யாரோ ஒரு சூதாட்டக்காரன் கையில் போய்ச் சேர்கிறது.

அந்தப் பெயர் உங்கள் தொழிலின் வாங்குநர்கள் ஆண்டுக்கணக்கில் தட்டிய முகவரி. உரிமையாளரை உங்களுக்குத் தெரியும், அல்லது தெரிந்தவரைத் தெரியும். போய்ப் பேசினால், ஏலத்தில் கிடைக்காத மூன்று விஷயங்கள் கிடைக்கும்: தளத்தின் வரலாறு, சர்ச் கன்சோலை உள்ளே திறந்து பார்க்கும் வாய்ப்பு, எழுத்துக்கும் படங்களுக்குமான உரிமை. வாங்கிய பிறகு "இன்னாருடைய தொழிலை இப்போது நாங்கள் தொடர்கிறோம்" என்று முகப்பில் உண்மையாக எழுதலாம். பக்கத்துக்குப் பக்கம் பொருத்தித் திசைதிருப்பி, சர்ச் கன்சோலில் முகவரி மாற்றத்தையும் அறிவிக்கலாம். திசைதிருப்பலைக் குறைந்தது ஓராண்டு விட்டுவைக்கச் சொல்கிறது கூகுள். முடிந்தவரை நிரந்தரமாகவே விடுங்கள்.

விலை பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு. விற்பவருக்கு அது ஒன்றுமில்லாத பெயர். நீங்கள் கேட்டதும் அது தங்கமாகிவிடும். அதனால் பெயரை மட்டும் கேட்காமல், பழைய பொருள் பட்டியல், புகைப்படங்கள், முடிந்தால் வணிகக்குறி என்று மொத்தமாகக் கேட்டு ஒரே தொகை பேசுவது நல்லது. முத்திரைத்தாளில் சிறு ஒப்பந்தம் எழுதி, பெயரை உங்கள் கணக்குக்கு மாற்றப் பதிவாளர் நிறுவனம் தரும் குறியீட்டை வாங்கியபின் மீதித் தொகையைக் கொடுங்கள். பல இடங்களில் இன்னொரு முடிச்சும் அவிழ வேண்டியிருக்கும்: டொமைன் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்காது, தளம் செய்து கொடுத்த டிசைனரின் கணக்கில் இருக்கும். உங்கள் சொந்த டொமைன் யார் கணக்கில் இருக்கிறது என்பதையும் இதே சாக்கில் பார்த்துவிடுங்கள்.

ஆக, யாருக்கு எது? புதிதாக மஞ்சள் தூளோ நாட்டுச் சர்க்கரையோ பிராண்டாக விற்கத் தொடங்குபவர் புதுப் பெயரை எடுத்துக்கொள்ளட்டும். மிச்சப் பணத்தை நல்ல புகைப்படத்துக்கும் எழுத்துக்கும் செலவிடலாம். பத்து இருபது ஆண்டாக ஏற்றுமதி செய்கிறவர், தம் துறையில் மூடப்படும் நிறுவனம் எதுவென்று காதில் விழுந்தவுடன் உரிமையாளரைப் போய்ப் பார்க்கட்டும். கோவையில் இருந்தபடி கமிஷன் தளங்கள் நடத்தி வாழ்கிற இளைஞர்களுக்கு மட்டும் ஏலம் ஒரு தொழிற்களமாக இருக்கலாம். பத்து வாங்கி ஏழு போனாலும் தாங்கும் கணக்கு அவர்களுடையது. அந்தக் கணக்கைச் சட்டை தைத்து விற்கிற நிறுவனம் கடன் வாங்கக் கூடாது.

நேரில் வாங்குகிறவர்கள் கடைசியாக மின்னஞ்சலைப் பற்றியும் பேசி முடிக்க வேண்டும். டொமைன் கைமாறினால் அந்தப் பெயரில் முடியும் எல்லா மின்னஞ்சல் முகவரிகளும் கைமாறும். பழைய நிறுவனத்துக்கு வங்கியிலிருந்தும் ஜிஎஸ்டி தளத்திலிருந்தும் வரும் கடவுச்சொல் செய்திகள், வெளிநாட்டு வாங்குநர்களின் பணப் பேச்சு எல்லாம் உங்கள் பெட்டியில் விழக்கூடும். விற்பவர் தம் கணக்குகளை வேறு முகவரிக்கு மாற்றிக்கொள்ள மூன்று மாத அவகாசம், அதன்பின் ஓராண்டுக்கு அவர் பெயருக்கு வரும் கடிதங்களைப் பிரிக்காமல் அவருக்கே அனுப்பிவைப்பது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.